சைக்கிள் ஆபத்தானதா? எதோடு ஒப்பிட்டால்?

புதுச்சேரி அரியாங்குப்பத்தில் இருக்கும் என் அக்காவுக்கு வயது 54. தை மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை நோய் வந்திருப்பது தெரிந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவர், நாளுக்கு அரை மணி நேரமாவது உடம்பை அசைக்கச் சொன்னார். நடக்கலாம் என்றால் அக்காவுக்குக் குதிகால் வலி. காலையில் எழுந்து முதல் அடி எடுத்து வைப்பதே பெரும்பாடு. "பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில்தானே போனாய், மறுபடி ஏறேன் அக்கா" என்றேன்.

"கடலூர் ரோட்டிலா? நான் வீடு திரும்ப வேண்டாமா தம்பி?" என்றாள். உள்ளே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மாமாவும் சேர்ந்துகொண்டார். "இந்த வயதில் மிதித்தால் முழங்கால் தேய்ந்துவிடும். போதாக்குறைக்கு பஸ் புகை. இருக்கிற நோய் போதாதா?"

நான் முருங்கப்பாக்கத்திலிருந்து நகரத்துக்குள் இருக்கும் ஓர் அச்சகத்துக்குச் சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். இருபது ஆண்டுகள் ஆகின்றன. விபத்து, முழங்கால், புகை என்று இந்த மூன்று பேச்சையும் கேட்காத மாதம் இல்லை. இவை முழுப் பொய்யாக இருந்தால் என்றோ மறைந்து போயிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு துளி உண்மை இருக்கிறது. அது எவ்வளவு பெரிய துளி என்று அளந்து பார்க்க நாம் மெனக்கெடுவதில்லை. அளப்பது எப்படி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அக்காவுக்கு வாயால் சொன்னதைவிடச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

எத்தனை பேரில், எதற்குப் பதிலாக

ஓர் ஓட்டலில் நேற்று பத்து இட்லி புளித்துப்போய்த் திரும்பி வந்தன. இன்னோர் ஓட்டலில் இரண்டுதான் திரும்பி வந்தன. எந்த ஓட்டல் மோசம்? முதல் ஓட்டல் ஆயிரம் இட்லி விற்றது, இரண்டாவது இருபதுதான் விற்றது என்று தெரிந்தால் நம் தீர்ப்பு தலைகீழாக மாறும். ஆபத்தைப் பற்றிய பேச்சில் நாம் பெரும்பாலும் திரும்பி வந்த இட்லியை மட்டும் எண்ணுகிறோம்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கை எடுத்துக்கொள்வோம். 2022-ஆம் ஆண்டு இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 44.5 சதவீதம் பேர் மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர் போன்றவற்றில் சென்றவர்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர். சைக்கிளில் சென்றவர்கள் 3 சதவீதத்துக்கும் குறைவு. இதைக் காட்டி, "பார்த்தீர்களா, சைக்கிள்தான் பாதுகாப்பானது" என்று நான் சொன்னால் அதுவும் இட்லிக் கணக்குத் தப்புதான். மொத்தத்தில் எத்தனை பேர் சைக்கிள் ஓட்டுகிறார்கள், எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறார்கள் என்று சேர்த்துப் பார்க்காமல் அந்த 3 சதவீதத்திலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆனால், "சைக்கிள் ஆபத்து, ஸ்கூட்டரே மேல்" என்று மாமா சொல்வதற்கும் அந்தக் கணக்கில் ஆதாரம் இல்லை. அக்கா கடைக்குப் போவதும் கோயிலுக்குப் போவதும் அவருடைய ஸ்கூட்டரின் பின்சீட்டில்தான். அதே கடலூர் சாலை, அதே லாரிகள். அதை ஆபத்து என்று அந்த வீட்டில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

ஆகவே முதல் கேள்வி, எத்தனை பேரில் எத்தனை பேருக்கு? இரண்டாவது கேள்வி இதைவிட முக்கியம். எதற்குப் பதிலாக? அக்கா சைக்கிள் ஓட்டாவிட்டால் அந்த அரை மணி நேரம் என்ன செய்வாள்? தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருப்பாள். அப்படியானால் சைக்கிளை அந்த நாற்காலியோடு ஒப்பிட வேண்டும்.

நாற்காலியின் ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. சைக்கிளில் போனவர் மீது லாரி மோதினால் மறுநாள் டீக்கடையில் அதே பேச்சு. இருபது ஆண்டுகள் உட்கார்ந்தே இருந்தவர் மாரடைப்பில் போய்விட்டால், "நல்லாத்தானே இருந்தார்" என்று சொல்லிவிட்டுக் கலைகிறோம். புதுச்சேரிக்காரர்களுக்கு இது தொலைதூரத்துக் கதை இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன் நடந்து 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. நாட்டின் சராசரி 11.4 சதவீதம். தமிழ்நாடு 14.4. புதுச்சேரி 26.3. கோவாவுக்கு அடுத்தபடி நாட்டிலேயே அதிகம். பெரியவர்களில் நான்கு பேருக்கு ஒருவர். எங்கள் தெருவில் வீடு வீடாக எண்ணிப் பார்த்தேன், கணக்குச் சரியாகத்தான் வருகிறது.

இரண்டு ஆபத்தையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்தவர்கள் உண்டு. 2010-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். தினமும் காரில் போகும் சிறு தூரத்தைச் சைக்கிளில் போக ஆரம்பித்தால் சராசரி ஆயுள் என்ன ஆகும்? உடற்பயிற்சியால் 3 முதல் 14 மாதம் கூடும். கூடுதலாகப் புகையைச் சுவாசிப்பதால் ஒரு நாளுக்கும் குறைவிலிருந்து 40 நாள் வரை குறையும். விபத்தால் 5 முதல் 9 நாள் குறையும். வரவு மாதக் கணக்கில், செலவு நாள் கணக்கில்.

"அது நெதர்லாந்து, இது மரப்பாலம் சந்திப்பு" என்று நீங்கள் சொல்வது சரிதான். அவர்கள் சாலை வேறு, நம் சாலை வேறு. சரி, விபத்துக் கணக்கைப் பத்து மடங்காக்கிப் பாருங்கள். 50 முதல் 90 நாள் வருகிறது. அப்போதும் வரவின் கீழ் எல்லையான மூன்று மாதத்தை அது தாண்டவில்லை. இது நான் விரல் விட்டுப் போட்ட கணக்கு, ஆராய்ச்சி முடிவு இல்லை. சராசரி என்பது விபத்தில் பிள்ளையை இழந்த வீட்டுக்கு எந்த ஆறுதலும் தராது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் சைக்கிள் ஏறுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும்போது தராசின் இரண்டு தட்டையும் பார்க்க வேண்டும்.

வரவுத் தட்டில் இன்னும் இருக்கிறது. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஏறத்தாழ 30,000 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், வேலைக்குச் சைக்கிளில் போகாதவர்களின் இறப்பு விகிதம், போனவர்களைவிட 39 சதவீதம் அதிகமாக இருந்தது. 2017-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தினர் பிரிட்டனில் 2.6 லட்சம் பேரின் தரவை ஆராய்ந்தார்கள். வேலைக்குச் சைக்கிளில் போனவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு 46 சதவீதமும், புற்றுநோய் வரும் வாய்ப்பு 45 சதவீதமும் குறைவாகத் தெரிந்தது.

இந்த எண்களை அப்படியே விழுங்கிவிடவும் கூடாது. ஏற்கெனவே திடமாக இருப்பவர்கள்தானே சைக்கிளில் ஏறுகிறார்கள், அதனால்தான் அவர்கள் அதிக நாள் வாழ்கிறார்களோ என்று ஒரு நல்ல வாசகர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்வி. ஆய்வாளர்கள் புகைபிடித்தல், வயது, பிற உடற்பயிற்சி எல்லாவற்றையும் கணக்கில் கழித்துப் பார்த்த பிறகு வந்த எண்கள் இவை. இருந்தாலும் அந்தச் சந்தேகத்தின் ஒரு பகுதி மிச்சம் இருக்கத்தான் செய்யும். 46 என்பது உண்மையில் 30 ஆகக்கூட இருக்கலாம். 30 சதவீதம் குறைக்கும் மாத்திரை ஒன்று வந்தால் மருந்துக்கடை வாசலில் வரிசை நிற்கும்.

தொடைக்கும் சர்க்கரைக்கும் என்ன உறவு

அக்காவுக்கு இதுதான் பிடித்த பகுதி. ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

சாப்பிட்ட சோறு சர்க்கரையாக மாறி ரத்தத்தில் சேர்கிறது. அது தசைக்குள் போக வேண்டும். தசையின் கதவைத் திறக்கும் சாவி இன்சுலின். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் சாவி இருந்தும் பூட்டு இறுகிக் கிடக்கிறது. கதவு திறக்காததால் சர்க்கரை ரத்தத்திலேயே தேங்குகிறது. ஆனால் தசைக்குக் கொல்லைப்புறக் கதவு ஒன்றும் உண்டு. தசை சுருங்கி விரிந்து வேலை செய்யும்போது அந்தக் கதவு இன்சுலின் இல்லாமலேயே திறக்கிறது. வேலை செய்யும் தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை நேராக உள்ளே இழுத்துக்கொள்கிறது. வேலை முடிந்த பிறகும் பல மணி நேரத்துக்குப் பூட்டு சற்று இளகியே இருக்கும்.

உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையிலும் பின்புறத்திலும் இருக்கின்றன. பெடல் மிதிக்கும்போது வேலை செய்பவை அவைதாம். அதனால்தான் மிதிப்பது சர்க்கரை நோயாளிக்கு அவ்வளவு பொருந்துகிறது. நடையிலும் இந்தப் பலன் உண்டு. ஆனால் நடக்கும்போது உடம்பின் எடை முழுவதும் பாதத்தில் இறங்குகிறது. குதிகால் வலி உள்ளவர்களுக்கும், சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்களுக்கும் அது சிரமம். சைக்கிளில் எடையின் பெரும்பகுதியைச் சீட் தாங்கிக்கொள்கிறது.

"54 வயதில் ஆரம்பித்து என்ன பயன்?" என்றும் அக்கா கேட்டாள். டென்மார்க்கில் 50 முதல் 65 வயதுக்கு உட்பட்ட ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் செய்த ஆய்வு 2016-இல் வெளியானது. முன்பு ஓட்டாமல் இருந்து அந்த வயதில் புதிதாகச் சைக்கிள் ஓட்டத் தொடங்கியவர்களுக்கும் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 20 சதவீதம் குறைவாக இருந்தது. அக்காவுக்கு நோய் ஏற்கெனவே வந்துவிட்டது, அதனால் இந்த எண் அவளுக்கு நேராகப் பொருந்தாது. மாமாவுக்குப் பொருந்தும் என்று அவர் காதில் விழும்படி சொல்லி வைத்தேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கும், சில வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் மிதிக்கும்போது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் இறங்கி நின்றுவிட வேண்டும். சட்டைப் பையில் நான்கு கல்கண்டோ குளுக்கோஸ் மாவோ எப்போதும் இருக்கட்டும். நெஞ்சுவலி, இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது.

எவ்வளவு மிதிக்க வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி என்றால் 150 நிமிடம் வந்துவிட்டது. மிதம் என்றால் பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட மூச்சு போதக் கூடாது. அந்த அளவு. ஒரு விஷயத்தில் மட்டும் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். எடை சட்டென்று இறங்காது. 60 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் சாதாரணமாக மிதித்தால் 150 கலோரி அளவுக்குத்தான் செலவாகும். வழியில் வடை சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும். எடை குறையாவிட்டாலும் இதயத்துக்கும் சர்க்கரைக்கும் கிடைக்கும் பலன் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

முழங்காலும் ஒரு ஸ்பேனரும்

சைக்கிள் மிதித்தால் முழங்கால் தேயும் என்பது தலைகீழான செய்தி. ஓட்டத்திலும் குதித்தலிலும் மூட்டில் அடி விழுகிறது. மிதிப்பதில் அடி இல்லை, சுழற்சி மட்டும்தான். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கே இயன்முறை மருத்துவர்கள் நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிளைத் தருகிறார்கள். பிறகு ஏன் பலருக்கு வலிக்கிறது? பெரும்பாலும் சீட்தான் காரணம்.

அக்கா மகள் விட்டுப்போன சைக்கிளைத் தூசி தட்டி வெளியே எடுத்தோம். பள்ளியில் படித்தபோது வாங்கியது. சீட் அடியோடு இறங்கியிருந்தது. அக்கா ஏறி உட்கார்ந்தபோது இரண்டு பாதமும் தரையில் அழுந்தப் பதிந்தன, முழங்கால் இரண்டும் ஹேண்டில்பாரை இடிக்கும் அளவுக்கு மேலே வந்தன. அப்படி மடங்கிய முழங்காலால் அழுத்தினால் முழங்கால் சில்லின் பின்புறம் அமுக்கம் ஏறும். ஒரு மாதத்தில் வலி வரும், பழி சைக்கிள்மேல் விழும்.

சரியான உயரத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுபோய் அதன் மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு குதிகாலை எடுத்துவிட்டு, மிதிக்கும்போது வைப்பதுபோல முன்பாதத்தை வைத்தால் முழங்கால் சற்றே மடிந்திருக்கும். அதுதான் அளவு. ஆனால் அந்த உயரத்தில் உட்கார்ந்தால் தரையில் நுனிக்கால் மட்டும்தான் எட்டும், புதிதாக ஓட்டுபவருக்குப் பயமாக இருக்கும். அதனால் நாங்கள் ஒரே நாளில் ஏற்றவில்லை. முதல் நாள் இரண்டு விரல் கனம் ஏற்றினேன். அப்புறம் வாரத்துக்கு ஒரு விரல் என்று ஏற்பாடு.

சைக்கிள் எல்லாவற்றையும் தந்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எலும்பு உறுதிக்கு உடம்பின் எடையைத் தாங்கும் வேலை வேண்டும். மாடிப்படி ஏறுவது, நடப்பது, சுமை தூக்குவது. மாதவிடாய் நின்ற பெண்கள் சைக்கிளோடு அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பெண்களைப் பற்றிச் சொல்லும்போது, வயதுக்கு வந்த பெண் சைக்கிள் ஓட்டினால் கர்ப்பப்பைக்கு ஆகாது என்ற பேச்சு இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. 1991-92-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். குவாரியில் வேலை செய்தவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள். ஆண்களைப் பற்றியும் இதுபோல ஒரு பயம் உண்டு. சைக்கிள் ஓட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் பிரிட்டனில் செய்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில் மலட்டுத்தன்மைக்கும் சைக்கிளுக்கும் தொடர்பு தென்படவில்லை. சீட்டில் மரத்துப்போவதுபோல் இருந்தால் சீட்டின் மூக்கைச் சற்று இறக்கினால் போதும்.

புகையைப் பற்றி

சைக்கிள் ஓட்டுபவர் மூச்சை ஆழமாக இழுக்கிறார், ஆகவே புகையும் அதிகமாக உள்ளே போகிறது. மாமா சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தினர் 2016-இல் இதையும் கணக்கிட்டுப் பார்த்தார்கள். டெல்லிக் காற்றிலேயே வாரத்துக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் சைக்கிள் ஓட்டினால்தான் புகையின் தீமை பயிற்சியின் நன்மையை மிஞ்சுகிறது என்று கண்டார்கள். அக்காவின் திட்டம் வாரத்துக்கு இரண்டரை மணி நேரம். ஓட்டுவது டெல்லியிலும் இல்லை, கடற்காற்று வீசும் ஊரில். கார் கண்ணாடியை ஏற்றிவிட்டால் புகை வராது என்றும் நினைக்க வேண்டாம். முன்னால் போகும் வண்டியின் புகையைத்தான் காரும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. பஸ்ஸின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போகாமல் நான்கைந்து வண்டி தூரம் விட்டுப் போவது, முடிந்தவரை உள்தெருவில் போவது, இவ்விரண்டும் போதும்.

உண்மையான ஆபத்து எங்கிருந்து வருகிறது

இப்போது அக்காவின் பயத்துக்கு வருகிறேன். அந்தப் பயம் நியாயமானது, ஆனால் தவறான பொருளின்மேல் விழுந்திருக்கிறது. 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும் 18 கிலோ எடையுள்ள பொருள் யாரையும் கொல்வது மிக அரிது. கொல்வது பக்கத்தில் போகும் வண்டியின் வேகம். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 20 கிலோமீட்டரில் போகும் கார் 40 கிலோமீட்டரில் போனால் அடியின் ஆற்றல் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. 60 என்றால் ஒன்பது மடங்கு.

நம் ஊரிலேயே இதற்குச் சாட்சி உண்டு. புதுச்சேரி கடற்கரைச் சாலை மாலையிலிருந்து மறுநாள் காலை வரை மோட்டார் வாகனங்களுக்கு மூடப்படுகிறது. பகலில் குழந்தையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கடக்கும் அதே தார்ச்சாலையில், மாலையில் மூன்று வயதுப் பிள்ளையை ஓடவிட்டுப் பின்னால் நிதானமாக நடக்கிறோம். சாலையும் குழந்தையும் அப்படியேதான் இருக்கின்றன. வேகம் மட்டும்தான் எடுக்கப்பட்டது. வெள்ளை உடையில் ஆசிரமத்து முதியவர்கள் சைக்கிளில் போவதைக் கடற்கரைப் பக்கத்துத் தெருக்களில் தினமும் பார்க்கிறேன். எழுபது வயதைத் தாண்டியவர்கள். அந்தத் தெருக்கள் குறுகலானவை, அடுத்தடுத்து மூலைகள், யாரும் வேகம் எடுக்க முடியாது.

நெதர்லாந்தும் பிறக்கும்போதே சைக்கிளுக்குப் பாதுகாப்பான நாடாக இருக்கவில்லை. 1971-இல் அங்கே சாலை விபத்துகளில் ஏறத்தாழ 3,300 பேர் இறந்தார்கள், 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர் தெருவுக்கு வந்து போராடினார்கள். அந்தப் போராட்டத்தின் பெயர் "குழந்தைக் கொலையை நிறுத்து". பிறகுதான் தனிப் பாதைகளும் குடியிருப்புத் தெருக்களில் வேகக் கட்டுப்பாடும் பரவலாக வந்தன. சாலையை ஆபத்தாகக் கட்டிவிட்டுச் சைக்கிளை ஆபத்து என்று சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லாச் சைக்கிள் கொடுக்கிறது, அந்தப் பிள்ளைகள் அதை ஓட்டிப் போக ஒதுக்கிய இடம் என்று ஒன்று நகரத்தில் எங்கே இருக்கிறது?

ஓட்டுபவர்களின் எண்ணிக்கைக்கும் இதில் பங்கு உண்டு. 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று பல நாடுகளின் தரவைச் சேர்த்துப் பார்த்தது. ஓர் ஊரில் சைக்கிள் ஓட்டுபவர்கள் இரண்டு மடங்கானால் விபத்து இரண்டு மடங்காவதில்லை. ஒவ்வொருவருக்கும் உள்ள ஆபத்து மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. வண்டி ஓட்டுபவர்கள் சைக்கிளை எதிர்பார்த்துப் பழகிவிடுவதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

சாலை மாறும் வரை நம் கையில் இருப்பது என்ன? நான் அடிக்கடி பார்க்கும் ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன். "எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரிய வேண்டும்" என்று வலப்பக்கமாக, எதிர்த்திசையில் சைக்கிள் ஓட்டுபவர்கள் நம் ஊரில் பலர். நடந்து போகிறவருக்கு அது சரி. சைக்கிளுக்கு ஆகாது. நீங்கள் 15-இல் போகிறீர்கள், வண்டி 45-இல் வருகிறது. எதிரெதிரே வந்தால் 60 வேகத்தில் நெருங்குகிறீர்கள். ஒரே திசையில் போனால் 30 மட்டுமே. முப்பது மீட்டர் இடைவெளி இருந்தால் எதிர்த்திசையில் இரண்டு நொடிக்கும் குறைவான அவகாசம், ஒரே திசையில் மூன்றரை நொடி. அந்த ஒன்றரை நொடியில் ஓர் ஓட்டுநர் பிரேக் போட்டுவிடலாம். மேலும், பக்கத் தெருவிலிருந்து வெளியே வந்து இடப்பக்கம் திரும்புபவர் வலப்பக்கம்தான் பார்ப்பார். நீங்கள் வருவது அவருடைய இடப்பக்கத்திலிருந்து.

இடப்பக்கம் என்றால் ஓரத்து மண்ணில் உரசிக்கொண்டு போவதும் இல்லை. சாலை விளிம்பிலிருந்து ஒரு கை தூரம் விட்டு, நேர்க்கோட்டில் போக வேண்டும். நிற்கும் கார்களிலிருந்து முழு ஒரு மீட்டர். இதை நான் வலித்துக் கற்றேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் மிஷன் வீதியில், ஓரமாக நின்றிருந்த காரின் ஓட்டுநர் பக்கக் கதவு திடீரென்று திறந்தது. ஹேண்டில்பாரின் இடது முனை கதவின் விளிம்பில் இடித்தது. பெல் தட்டக்கூட நேரமில்லை. வலப்பக்கம் சரிந்து, சாலை நடுவில் கிடந்தேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் மெதுவாக வந்ததால் நின்றார். முழங்கை தோல் உரிந்ததோடு போயிற்று. கார் ஓட்டுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். வலக்கைக்குப் பதிலாக இடக்கையால் கதவைத் திறந்து பாருங்கள். உடம்பு தானாகத் திரும்பும், கண் பின்னால் பார்க்கும்.

பிரேக்கைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. முன் பிரேக் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்று பலர் அதைத் தொடுவதே இல்லை. வேகம் குறையும்போது எடை முன் சக்கரத்துக்கு மாறுகிறது, ஆகவே நிறுத்தும் பலம் அங்கேதான் அதிகம். இரண்டையும் சேர்த்து, மெல்ல அழுத்த வேண்டும். தேவனாம்பட்டினம் கடற்கரைச் சாலைபோல் மணல் படிந்த இடத்தில் மட்டும் முன் பிரேக்கை இறுக்கக் கூடாது, சக்கரம் வழுக்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ரிம் நனைந்திருந்தால் பிரேக் கட்டை முதலில் தண்ணீரைத் துடைத்துவிட்டுத்தான் பிடிக்கும். முன்கூட்டியே பிடியுங்கள். தேங்கிய நீருக்குள் குழியோ திறந்த வாய்க்காலோ இருக்கலாம், இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் குறைவில்லை. கடலூர் சாலையில் ஏ.எஃப்.டி. மில் அருகே இருப்பதுபோன்ற ரயில்வே கேட்டில் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்தால் டயர் இடுக்கில் சிக்கும். நேர்க்குறுக்காகக் கடக்க வேண்டும்.

இருட்டில் பின்னால் சிவப்பு விளக்கு அவசியம். பழைய டைனமோ நின்றதும் அணைந்துவிடும், நிற்கும் நேரம்தான் ஆபத்து. பேட்டரி விளக்கு ஒன்றைக் கேரியரில் மாட்டிவிடுங்கள். ஹெல்மெட்? சைக்கிளுக்குச் சட்டம் கேட்கவில்லை, நான் போட்டுக்கொள்கிறேன். விழுந்தால் தலைக்காயத்தை அது வெகுவாகக் குறைக்கிறது. ஆனால் லாரியின் வேகத்தை அது குறைக்காது. ஹெல்மெட் இல்லாததால் சைக்கிளே வேண்டாம் என்று முடிவெடுப்பவர் மறுபடி அந்த நாற்காலிக்குத்தான் போகிறார்.

அக்காவுக்காக ஒரு பாதையை வரைந்து கொடுத்தேன். அதில் கடலூர் சாலை இல்லை. வீட்டிலிருந்து உள்தெருக்கள் வழியாக ஒரு சுற்று, காலை ஆறு மணிக்குக் கிளம்பி ஆறரைக்குள் திரும்பிவிடலாம். முதல் வாரம் தெருமுனை வரைதான் போனாள். இரண்டாவது வாரம் ஒரு கையை எடுத்துச் சைகை காட்டப் பழகினாள். ஹேண்டில் ஆடாமல் தோளுக்கு மேல் திரும்பிப் பின்னால் பார்க்க அவளுக்கு மூன்று வாரம் பிடித்தது. அது வராமல் பெரிய சாலைக்குப் போகக் கூடாது என்று சொல்லியிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது சைக்கிள் வாசலில் ஸ்டாண்ட் போட்டு நின்றது. முன் டயருக்கு மாமா காற்று அடித்துக்கொண்டிருந்தார். அக்கா உள்ளே போய் ஸ்பேனரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"இன்னும் ஒரு விரல் ஏற்று தம்பி" என்றாள்.